எர்த் குழியில் ஓம் குறைந்தால் போதுமா? வடசென்னை ஆலைகளுக்கான நிலக்கசிவுப் பாதுகாப்பு முழுமையான வழிகாட்டி

மணலி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கொட்டகையில் நான் மின் மேற்பார்வையாளராக இருந்த காலம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் உதவியாள் ஒருவர் வந்து, "சார், ட்ரில்லிங் மிஷின் பாடி அடிக்குது சார்" என்றார். கொட்டகைக்கு வெளியே எர்த் குழியின் (நிலத்தோடு இணைக்கும் உலோகக் குழாய் இறக்கிய குழி) மேல் இருந்த பலகையில் வெள்ளைப் பெயின்டால் 0.6 ஓம் என்று எழுதியிருந்தது; மண்ணுக்கான மின்னெதிர்ப்பைச் சொல்லும் இந்த எண் குறைந்தால் போதும் என்பது பொதுவான நம்பிக்கை. சந்தேகப்பட்டு மீண்டும் அளந்தோம். அப்போதும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது. பிறகு ஆளை விட்டுத் தோண்டிப் பார்த்ததில், குழியிலிருந்து இரண்டடி தள்ளி மண்ணுக்குள் போன ஜிஐ ஃப்ளாட் (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) துருவேறிப் பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. இயந்திரத்தின் இரண்டாவது எர்த் இணைப்பு காலடியில் பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. குழி நன்றாகத்தான் இருந்தது. குழிக்கும் இயந்திரத்துக்கும் இடையில் பாதைதான் இல்லை.

எண்ணூர் கழிமுகம் தொடங்கி திருவொற்றியூர், மணலி வரை நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்நீராகவே இருப்பதால், இந்த வட்டாரத்தில் எர்த் குழியில் குறைந்த ஓம் வாங்குவது பெரிய காரியமல்ல. அந்த நல்ல எண்ணைத் தரும் உப்பே மண்ணுக்குள் இருக்கும் இரும்பை அரித்துத் தின்கிறது என்பதுதான் சிக்கல். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைப் பின்தொடர்கிறது: பழுது ஏற்பட்டு இயந்திரத்தின் உடலில் ஏறிய மின்னோட்டம், டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலுக்கு (மின்னோட்டம் திரும்பி வந்து சேரும் முனை) எந்த உலோகப் பாதையில் திரும்புகிறது, அந்தப் பாதையைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவி எது, எத்தனை நொடியில் துண்டிக்கிறது?

முதலில் ஒரு கணக்கு

63 ஆம்பியர் எம்சிசிபி (மிகை மின்னோட்டத்தில் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக மின்சாரம் பெறும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் அருகிலுள்ள தனி எர்த் குழியோடு மட்டும் இணைக்கப்பட்டிருக்கிறது. குழியின் எதிர்ப்பு 2 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலின் குழி 1 ஓம். ஒரு ஃபேஸ் கம்பி (மின்னழுத்தமுள்ள கம்பி) இயந்திரத்தின் உடலைத் தொட்டுவிட்டால் பாயக்கூடிய மின்னோட்டம் 230 வோல்ட்டை இரு குழிகளின் மொத்தமான 3 ஓமால் வகுத்தால் வரும் 77 ஆம்பியர். 63 ஆம்பியர் எம்சிசிபிக்கு இது லேசான மிகைச்சுமை மட்டுமே. உடனே டிரிப் ஆகாது, ஒரு மணி நேரம் கழித்தும் ஆகாமல் போகலாம். அவ்வளவு நேரமும் இயந்திரத்தின் உடலில் சுமார் 153 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் ஒருவரின் உடல் எதிர்ப்பை 1000 ஓம் என்று கொண்டால், அவர் வழியே 150 மில்லிஆம்பியர் வரை பாயக்கூடும். ஏறத்தாழ 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விடுவிக்க முடியாமல் தசை இறுகிவிடுகிறது. 30 மில்லிஆம்பியருக்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் தொடங்குகிறது. இரண்டு ஓம், ஒரு ஓம் என்பவை பலரும் பெருமையோடு காட்டும் எண்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இப்போது அதே இயந்திரத்தின் உடலிலிருந்து கேபிளோடு சேர்ந்தே ஓர் எர்த் கம்பி, பேனலின் எர்த் பஸ்பார் (எர்த் கம்பிகள் கூடும் உலோகப் பட்டை) வழியாக டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் வரை அறுபடாமல் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகும் பாதையும் திரும்பும் பாதையும் சேர்ந்த மொத்த மின்மறிப்பு (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) 0.25 ஓம் என்றால், பழுது மின்னோட்டம் 920 ஆம்பியர். பத்து மடங்கில் உடனடி டிரிப் வைக்கப்பட்ட 63 ஆம்பியர் கருவிக்கு 630 ஆம்பியரே போதும் என்பதால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். மண்ணின் வேலை இங்கே உள்ளூர் மின்னழுத்தத்தை நிலத்தோடு பிணைத்து வைப்பதும், இடி மின்னலைக் கடத்துவதும், ஹெச்டி (உயர் மின்னழுத்த) பக்கப் பழுதைத் தாங்குவதும் ஆகும். ஆலைக்குள் வரும் தாழ்மின்னழுத்தமான 433 வோல்ட் பக்கத்தில் மனித உயிரைக் காப்பது உலோகப் பாதையும் அதை நம்பி நிற்கும் டிரிப் கருவியும்தான்.

படி 1: நியூட்ரல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டறிதல்

வேலை தொடங்குமுன் ஆலையின் ஒற்றைக்கோட்டு வரைபடத்தை எடுத்து, அதை நம்பாமல், கையில் டார்ச் விளக்கோடு டிரான்ஸ்ஃபார்மர் யார்டிலிருந்து கடைசி பேனல் வரை நடந்து சரிபார்க்க வேண்டும். சொந்தமாக 11 கேவி இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள ஆலையில், நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிலத்தோடு இணைக்கப்பட்டு, அதன் பிறகு நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாகவே பயணிக்க வேண்டும். பொறியாளர்கள் இதை டிஎன்-எஸ் அமைப்பு என்பார்கள். எல்டி (தாழ்மின்னழுத்த) இணைப்பு பெறும் சிறிய பட்டறைகளில் மின்வாரியத்தின் நியூட்ரல் வந்து சேர்கிறது, எர்த் மட்டும் பட்டறையின் சொந்தக் குழி. இது டிடி அமைப்பு. இங்கே மேலே கண்ட 77 ஆம்பியர் கதைதான் நடக்கும். ஆகவே இப்பட்டறைகளில் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியோ ரிலேயோ இல்லாமல் மிகை மின்னோட்டத்தை மட்டும் பார்க்கும் எம்சிபியையே நம்பி இருப்பது, பூட்டில்லாத கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதாக எண்ணிக்கொள்வது போன்றது.

பெட்ரோகெமிக்கல் வளாகங்களில் எரிவாயு அல்லது ஆவி சேரக்கூடிய வெடிப்பு அபாயப் பகுதிகளில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கடத்தியாக இருப்பதற்கு இடமே கிடையாது. அங்கே நியூட்ரல் மின்னோட்டம் கட்டமைப்பு இரும்பு வழியே அலைந்தால் எங்கே பொறி பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 2: சட்டம் கேட்பது என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுதல்

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு குறித்த விதிமுறைகளை 2010-இல் வெளியிட்டது. அவற்றின் இடத்தில் 2023-இல் புதிய விதிமுறைகள் வந்தன. ஆய்வுக்குத் தயாராகும் பலரும் இன்னும் 2010 புத்தகத்தின் விதி எண்களையே மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 2010 விதிமுறைகளில் கசிவுப் பாதுகாப்புக் கருவியின் உச்ச வரம்பு வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லிஆம்பியர், மற்ற நிறுவல்களுக்கு 100 மில்லிஆம்பியர் என்று இருந்தது. தற்போது நடைமுறையில் உள்ள 2023 உரையின் பிரதி ஒன்றை மின் அறையிலேயே வைத்திருந்து, விதி எண்களை அதிலிருந்தே எடுத்தாள்வது நல்லது.

எண்கள் மாறினாலும், 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் காலந்தொட்டு மாறாத ஓர் அடிப்படை உண்டு. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், பேனல் ஆகியவற்றின் உலோக உடல் இரண்டு தனித்தனி இணைப்புகளால் எர்த் செய்யப்பட வேண்டும். 'தனித்தனி' என்ற சொல்லை இங்கே அழுத்திப் படிக்க வேண்டும். ஒரே போல்ட்டில் இரண்டு ஃப்ளாட்டை வைத்து முறுக்கினால் அது இரண்டு இணைப்பு ஆகாது. ஒரு போல்ட் தளர்ந்தால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும். எர்த்திங் வடிவமைப்புக்கு ஐஎஸ் 3043, வயரிங்குக்கு ஐஎஸ் 732 ஆகிய தரக்குறிப்புகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இவற்றை வைத்து ஆய்வு செய்வது அரசின் மின் ஆய்வுத் துறை. வேலையைச் செய்பவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராகவும், மேற்பார்ப்பவர் தகுதிச் சான்று பெற்றவராகவும் இருக்க வேண்டும். தெரிந்த வயர்மேனைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு எவ்வளவு விலை என்பது விபத்து நடந்த மறுநாள்தான் தெரியும்.

படி 3: உப்பு மண்ணில் குழியும் ஃப்ளாட்டும்

3 மீட்டர் ஆழம் இறங்கும் 40 மி.மீ. குழாய் ஒன்று, 10 ஓம்-மீட்டர் தடை கொண்ட உவர் ஈரமண்ணில் சுமார் 3 ஓம் தரும். 100 ஓம்-மீட்டர் மண்ணில் அதே குழாய் 30 ஓம் தரும். கடலோர மணல் மேட்டில் மேல்மண் உலர்ந்து, சில மீட்டர் கீழே உவர்நீர் ஓடும் இடங்களில், குழாய் நீர்மட்டத்தைத் தொடுகிறதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களை இறக்கினால், அவற்றுக்கிடையே குழாயின் நீளத்தைப் போல் இரு மடங்கு தூரமாவது விட வேண்டும்; நெருக்கமாக இறக்கிய இரண்டு குழாய்கள் ஒன்றின் வேலையையே பங்கிட்டுக்கொள்ளும்.

குழியில் உப்பும் கரியும் கொட்டி ஞாயிறுதோறும் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கத்து ஆலைகளுக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. மண்ணில் ஏற்கெனவே உப்பு நிறைந்திருக்கும்போது மேலும் உப்பிடுவது குழாயின் ஆயுளைக் குறைப்பது மட்டுமே. அடுத்த தவறு, செம்புப் பூச்சுள்ள கம்பியை வாங்கி இறக்கிவிட்டு, அதை ஜிஐ ஃப்ளாட்டோடு மண்ணுக்குள்ளேயே போல்ட் போடுவது. உவர் ஈரத்தில் செம்பும் துத்தநாகமும் ஒரு பேட்டரி போலச் செயல்பட்டு, துத்தநாகப் பூச்சும் பிறகு இரும்பும் கரைந்துகொண்டே போகும். இரு உலோகங்களும் சந்தித்தே ஆக வேண்டுமானால், அந்த இணைப்பு குழியின் மூடிக்குள், மண்ணுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். மண்ணுக்குள் உள்ள ஃப்ளாட் இணைப்புகளை போல்ட் போடாமல் வெல்டிங் செய்து, அதன் மேல் பிட்யூமன் பூசி, டேப் சுற்ற வேண்டும். மண்ணிலிருந்து வெளியேறும் இடத்தில், அதாவது ஈரமும் காற்றும் சேரும் அரையடி உயரத்தில்தான் ஃப்ளாட் முதலில் அரிக்கப்படுகிறது. அந்த அரையடிக்குத் தனிக் கவனம் தேவை.

ஃப்ளாட்டின் அளவைக் கணக்குப் போட்டே முடிவுசெய்ய வேண்டும். 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் 433 வோல்ட் பக்க முழுச்சுமை மின்னோட்டம் 667 ஆம்பியர். மின்மறிப்பு 4.5 விழுக்காடு என்றால் வாயிலிலேயே ஏற்படும் பழுது சுமார் 14,800 ஆம்பியர் வரை போகலாம். வெற்று இரும்புக்கு ஒரு நொடிக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 80 ஆம்பியர் என்று எடுத்தால் 185 சதுர மி.மீ. வேண்டும். 25-க்கு 6 ஃப்ளாட் 150 சதுர மி.மீ. மட்டுமே, போதாது. 40-க்கு 6 என்பது 240. புதிதாக இருக்கும்போது போதும். கடலோர அரிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 50-க்கு 6 போடுவதே விவேகம். டிரான்ஸ்ஃபார்மருக்கு நியூட்ரலுக்கு இரண்டு குழிகளும் உடலுக்கு இரண்டு குழிகளும் வைத்து, நான்கையும் ஃப்ளாட்டால் ஒரே வலையாகப் பிணைத்துவிட வேண்டும்.

படி 4: பாதையை அளத்தல்

எர்த் டெஸ்டரைக் கொண்டு குழியை அளப்பதோடு பல ஆலைகளில் சோதனை முடிந்துவிடுகிறது. அது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. இரண்டாவது, ஒவ்வோர் இயந்திரத்தின் உடலிலிருந்து பேனல் எர்த் பஸ்பார் வரை தொடர்ச்சி அளவீடு; இதற்குச் சாதாரண மல்டிமீட்டரின் 'பீப்' சத்தம் போதாது, ஏனெனில் ஒரு மெல்லிய இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். குறைந்த எதிர்ப்பை அளக்கும் மீட்டரைக் கொண்டு, 0.1 ஓமுக்கும் கீழே வரும் எண்ணைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவது, லூப் மின்மறிப்பு, அதாவது பழுது மின்னோட்டம் போகும் பாதையும் திரும்பும் பாதையும் சேர்ந்த மின்மறிப்பு. பத்து மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும் சி வகை 63 ஆம்பியர் எம்சிபிக்கு இது 0.36 ஓமுக்குள் இருக்க வேண்டும். மோட்டாருக்காக டி வகை போட்டிருந்தால் இருபது மடங்கு மின்னோட்டம் தேவை என்பதால் வரம்பு பாதியாகி 0.18 ஓம் ஆகிவிடும். டி வகைக்கு மாற்றினால் மோட்டார் கிளம்பும்போது டிரிப் ஆவது நிற்கிறது என்று மகிழ்பவர்கள், எர்த் பழுதிலும் டிரிப் ஆவது நின்றிருக்கலாம் என்பதை அளந்து பார்ப்பதில்லை.

குழி சோதனையை உலர்காலத்தில், வடசென்னையில் மே அல்லது ஜூன் மாதத்தில் செய்ய வேண்டும். நவம்பர் மழையில் அளந்தால் எண் அழகாக இருக்கும். உண்மை வெயிலில்தான் தெரியும். குழியோடு மண்ணில் இரண்டு முனைகளையும் அடித்து அளக்கும் மூன்று முனை முறையில் மின்னழுத்த முனையை மின்னோட்ட முனையின் தூரத்தில் சுமார் 62 விழுக்காட்டில் அடிக்க வேண்டும் என்பது வழக்கம். காங்கிரீட் தரையில் முனை அடிக்க இடமில்லாதபோது கிளாம்ப் டெஸ்டர் உதவும், ஆனால் அது வலையாக இணைந்த குழிகளில் மட்டுமே பொருளுள்ள எண்ணைத் தரும். குழியைக் கழற்றி அளக்கும் முறையில், ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரல் எர்த்தைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. ஷட்டவுன் எடுத்தே அதைச் செய்ய வேண்டும்.

படி 5: கசிவு ரிலேக்களை அடுக்குதல்

மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து கடைசி சாக்கெட் வரை பாதுகாப்புக் கருவிகள் படிக்கட்டுபோல் இறங்க வேண்டும். கீழே பழுது வந்தால் கீழே உள்ளதே விழ வேண்டும். மேலே உள்ளது காத்திருக்க வேண்டும். 500 கேவிஏ ஆலையில் 800 ஆம்பியர் ஏசிபியின் (முதன்மைத் துண்டிப்பான்) எர்த் ஃபால்ட் அமைப்பை ஏறத்தாழ 20 விழுக்காட்டில், அதாவது 160 ஆம்பியரில், 0.4 நொடித் தாமதத்தோடு வைக்கலாம். பஸ்பாரில் பொறி பறக்கும் வகைப் பழுதில் மின்னோட்டம் மிகைச்சுமைக் கருவியின் கண்ணில் படாத அளவுக்குக் குறைவாக இருக்கும் என்பதால், இந்த அமைப்பு பேனலே எரிந்து போவதைத் தடுக்கிறது. மனிதரைக் காப்பதற்கு இது போதாது. அடுத்து ஃபீடர் (கிளைச்சுற்று) எம்சிசிபிகளில் கோர் பேலன்ஸ் சிடியோடு (கம்பிகளைச் சுற்றி நின்று, போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணரும் வளையம்) இணைந்த எர்த் லீக்கேஜ் ரிலே. அதன் பிறகு துணைப் பேனல்களில் தாமத வகை ஆர்சிசிபி. கடைசியில் கிரைண்டர், கைட்ரில், டிவாட்டரிங் பம்ப் ஆகியவை செருகப்படும் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர் உடனடி வகை. இந்த 30-இல் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது. ஆள் இறங்கி வேலை செய்யும் தொட்டி, வெசல் போன்றவற்றுக்குள் அதுவும் போதாது. அங்கே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரை வெளியே வைத்து 24 வோல்ட் கைவிளக்கு மட்டுமே உள்ளே போக வேண்டும்.

ரிலே அடிக்கடி காரணமின்றி விழுகிறது என்று புகார் வந்தால், அமைப்பைக் கூட்டுவதற்கு முன் அந்த ஃபீடரில் இயல்பாக ஓடும் கசிவை அளக்க வேண்டும். மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கசிவு கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் வைத்தால் நேரடியாக எண் கிடைக்கும். கருவியின் வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்தச் சுமையைப் பிரித்து வேறு கருவிக்கு மாற்ற வேண்டும். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்கள் உள்ள ஃபீடரில் மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ஏசி வகை ஆர்சிசிபி பயன்படாது. டிரைவ் கசியவிடும் நேர்மின்னோட்டம் அதன் காந்த உள்ளகத்தை மரத்துப்போகச் செய்து, உண்மையான பழுதின்போது விழவிடாமல் செய்துவிடும். ஏ வகை 6 மில்லிஆம்பியர் வரையிலான நேர்மின்னோட்டத்தைத் தாங்கும். மூன்று ஃபேஸ் டிரைவுக்கு பி வகையே சரி.

கோர் பேலன்ஸ் சிடியில் நடக்கும் தவறுகள்

இந்தப் படியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் விலை கொடுத்து வாங்கிய ரிலேக்கள் பயனற்றுப் போவது பெரும்பாலும் இங்கேதான். சிடியின் துளை வழியே மூன்று ஃபேஸும், நியூட்ரல் பயன்படும் இடத்தில் நியூட்ரலும் போக வேண்டும். எர்த் கம்பி மட்டும் போகக் கூடாது. ஆர்மர் கேபிளில் (இரும்புக் கவசமுள்ள கேபிள்) சிடியை கிளாண்டுக்கு (கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் இறுக்கி) மேலே, உள்கம்பிகளை மட்டும் சுற்றி வைத்தால் கவலையில்லை. இடமில்லாமல் கிளாண்டுக்குக் கீழே முழுக் கேபிளையும் சுற்றி வைத்துவிட்டால், பழுது மின்னோட்டம் ஃபேஸ் வழியாகப் போய் ஆர்மர் வழியாக அதே துளைக்குள் திரும்பிவிடும். கூட்டிக் கழித்தால் சுழியம். ரிலே ஒன்றையும் பார்க்காது. அப்படி வைத்தே ஆக வேண்டுமானால், கிளாண்டை பிளேட்டிலிருந்து தனிமைப்படுத்தி, ஆர்மரின் எர்த் கம்பியைச் சிடியின் துளை வழியாகவே மறுபடி திருப்பிக் கொண்டுவந்து, அதன் பிறகே எர்த் பஸ்பாரில் கட்ட வேண்டும்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மெல்லிய வயரைத் துளைக்குள் பத்துச் சுற்றுகள் சுற்றி, சின்ன வேரியாக்கிலிருந்து (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 0.3 ஆம்பியர் செலுத்தினால், சிடிக்கு அது 3 ஆம்பியராகத் தெரியும். 3 ஆம்பியர் அமைப்பில் ரிலே விழுந்து, ஷன்ட் டிரிப் (ரிலே சொன்னதும் எம்சிசிபியை விழவைக்கும் காயில்) இழுத்து, எம்சிசிபியின் கைப்பிடி நடுவில் வந்து நிற்க வேண்டும். ரிலேயின் முகப்பில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துவது ரிலேயை மட்டுமே சோதிக்கிறது. சிடியிலிருந்து வரும் இரண்டு வயர்கள் கழன்றிருந்தாலும் சில மாடல்களில் அந்தப் பொத்தான் வெற்றிகரமாக வேலை செய்யும்.

பல ஆண்டுகளில் நான் பேனல்களில் பார்த்தவற்றுள் மிகவும் பயந்தது ஓர் அங்குல நீளமுள்ள வயர். ஷன்ட் டிரிப் காயிலுக்குச் செல்லும் வயரைக் கழற்றி, நுனியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். ரிலேயில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பதிவேட்டில் 'நல்ல நிலை' என்று கையெழுத்து இருந்தது. விசாரித்ததில், ஈபி போய் ஜெனரேட்டர் வந்ததும் அந்த ஃபீடர் விழுந்துகொண்டே இருந்ததாகவும், இரவு ஷிப்டில் உற்பத்தி நின்றதால் யாரோ கழற்றியதாகவும் தெரிந்தது. காரணம் ரிலே அல்ல. ஜெனரேட்டரின் நியூட்ரலும் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலும் தனித்தனியாக எர்த் செய்யப்பட்டிருக்க, மாற்றுச் சுவிட்ச் மூன்று துருவமாக (நியூட்ரலை விட்டு ஃபேஸ்களை மட்டும் மாற்றுவதாக) இருந்தது. இரண்டு நியூட்ரல்களும் எப்போதும் இணைந்தே இருந்ததால், சுமையின் நியூட்ரல் மின்னோட்டம் ஒரு பகுதி எர்த் ஃப்ளாட் வழியாகத் திரும்பியது. ரிலே அதைக் கசிவாகவே பார்த்தது, அது சரியான பார்வையும்கூட. நான்கு துருவ மாற்றுச் சுவிட்ச் போட்ட பிறகு அந்த ஃபீடர் காரணமின்றி விழவில்லை. இதே அறிகுறி பேனலுக்குக் கீழே எங்காவது நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருந்தாலும் வரும். விளக்குச் சுற்றுகளில் எர்த்தையே நியூட்ரலாக இழுத்துவிட்ட இடங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

வெல்டிங் இயந்திரங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

மாதவரம், கத்திவாக்கம் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெல்டிங்கின் திரும்பு கேபிளை வேலைப்பொருளில் மாட்டாமல் அருகிலுள்ள கொட்டகைத் தூணில் மாட்டுவது அன்றாடக் காட்சி. தூணும் எர்த்தோடு இணைந்திருப்பதால் வெல்டிங் நடக்கத்தான் செய்யும், ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர்கள் அங்கிருக்கும் கைக்கருவிகளின் எர்த் கம்பி வழியாகவும் பங்கு போட்டுத் திரும்பும். கிரைண்டரின் மெல்லிய எர்த் கம்பி உள்ளுக்குள் கருகி அறுந்துபோகும். கிரைண்டர் எப்போதும்போல் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த பழுது வரும் நாளில் அதற்கு எர்த் இருக்காது. திரும்பு கிளாம்ப் வேலைப்பொருளிலேயே, வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டப்பட வேண்டும் என்பதை ஃபோர்மேன் அன்றாடம் பார்க்க வேண்டும்.

படி 6: மழைக்கு முன்னும் வெள்ளத்துக்குப் பின்னும்

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு, இந்த வட்டாரத்தில் தண்ணீர் பேனல் அறைக்குள் வரும் என்று சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. செப்டம்பர் முடிவுக்குள் எல்லா ஆர்சிசிபிகளையும் டெஸ்டரால் சோதிக்க வேண்டும்: வரம்பின் பாதி மின்னோட்டத்தில் விழக் கூடாது, முழு வரம்பில் 300 மில்லிநொடிக்குள் விழ வேண்டும், ஐந்து மடங்கில் 40 மில்லிநொடிக்குள் விழ வேண்டும். தாமத வகைக்கு வேறு எல்லை உண்டு. முழு வரம்பில் 130 முதல் 500 மில்லிநொடி.

வெள்ளம் வடிந்த பிறகு யாரும் அவசரப்பட்டு மெயினைப் போடக் கூடாது. தண்ணீர் ஏறிய மோட்டார்களையும் பேனல்களையும் நல்ல தண்ணீரால் கழுவி, உப்பையும் சேற்றையும் நீக்கி, உலர்த்திய பிறகே மெகர் (இன்சுலேஷன் எதிர்ப்பை அளக்கும் கருவி) வைக்க வேண்டும். உப்பு படிந்த இன்சுலேஷன் உலர்ந்ததும் நல்ல எண்ணைக் காட்டி, முதல் ஈரக்காற்றில் சரிந்துவிடும். எல்டி கருவிகளுக்கு 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் ஒரு நிமிடத்துக்குப் பிறகு ஒரு மெகாஓமாவது இருக்க வேண்டும். 11 கேவிக்கு 2,500 வோல்ட்டில் ஐந்து மெகாஓம். மூழ்கிய ஆர்சிசிபி, எம்சிபி, எம்சிசிபிகளைக் காயவைத்து மீண்டும் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அவற்றின் உட்பொறியில் படிந்த சேற்றை யாரும் கழுவ முடியாது. ஒவ்வொரு ஃபீடரையும் தனித்தனியாக, கசிவை அளந்து பார்த்தபடி, ஒன்றன் பின் ஒன்றாக ஏற்ற வேண்டும்.

படி 7: பதிவேடும் விபத்தும்

விபத்து நேர்ந்தால் மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளருக்குத் தெரிவிப்பது கடமை. உயிரிழப்பு என்றால் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவலும், உயிரிழப்போ காயமோ எதுவானாலும் 48 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் எழுத்துமூல அறிக்கையும் போக வேண்டும். அந்த இடத்தை ஆய்வாளர் பார்க்கும்வரை எர்த் கம்பியை மாற்றுவது, கருகிய கேபிளை அப்புறப்படுத்துவது போன்றவற்றைச் செய்யக் கூடாது. உயிர்காக்கும் அவசரத்துக்காகத் துண்டிப்பது மட்டும் விதிவிலக்கு.

பதிவேட்டில் ஒவ்வொரு ரிலேயின் அமைப்பு எண்ணும், கடைசியாகச் செலுத்திச் சோதித்த மின்னோட்டமும், விழுந்த நேரமும், சோதித்தவரின் சான்று எண்ணும் இருக்க வேண்டும். குழியின் மேல் உள்ள பலகையையும் மாற்றி எழுதலாம். முதல் வரியில் ஓம், இரண்டாவது வரியில் அளந்த தேதி, மூன்றாவது வரியில் அந்தக் குழியோடு இணைந்த இயந்திரங்களுள் கடைசியில் நிற்பதன் பெயரும் அதன் தொடர்ச்சி எண்ணும். மணலிக் கொட்டகையில் பழைய பலகையை அழித்துவிட்டு அப்படித்தான் எழுதினோம்; மூன்றாவது வரியில் அந்த ட்ரில்லிங் மிஷினின் பெயர் இருந்தது.